ஊத்தினவளுக்குக் கடைசி

என் அம்மாவுக்கு என் தங்கை பேண்ட் வாங்கி அனுப்பியிருந்தாள். எழுபதைத் தொடப்போகிற வயதில் பேண்ட். சாம்பல் நிறம், இடுப்பில் எலாஸ்டிக், இரண்டு பக்கமும் ஜிப் வைத்த பாக்கெட். விமானத்தில் காலை நீட்டி உட்கார வசதியாக இருக்குமாம். இதே மாதிரி ஒன்றை நான் எப்போதோ வாங்கி வந்தேன், முட்டி வலியோடு மாடிப்படி ஏறுகிறாளே, தடுக்கி விழாமல் இருக்கட்டும் என்று. "நான் என்ன சர்க்கஸ்லயா வேலை பாக்கறேன்?" என்று சொல்லி அதை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டாள். அவர் இன்றைக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் குப்பை கொட்டப் போகிறார். தங்கை அனுப்பியதை மட்டும் பார்சல் பிரித்த கையோடு மாட்டிக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்து காட்டினாள். நன்றாக இருக்கிறதா என்று என்னையே கேட்டாள் வேறு. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்பா போனதிலிருந்து அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். அவளுடைய கண், பல், முட்டி, ரத்தக்கொதிப்பு எல்லாம் என் பொறுப்பு. வெளிநாட்டில் இருக்கிற தங்கை போனில் மட்டும் மகள். விடுமுறை நாளில் வீடியோவில் வருவாள். அதற்கு அரை மணி முன்னாலேயே அம்மா முகம் கழுவி, தலை வாரி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவாள். நான் வேலை முடிந்து வரும்போது சோபாவில் தலைவிரிகோலமாகக் கிடப்பவளும் இதே அம்மாதான். கிட்ட இருந்தால் முட்டப் பகை, தூர இருந்தால் சேர உறவு என்று சும்மாவா சொன்னார்கள்? என் பையன் படிக்கப் போய் விடுதியில் இருக்கிறான். வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் எப்போது தொங்கிக்கொண்டிருப்பார் என்று அவருக்கே தெரியாது. அம்மாவும் போய்விட்டால் வீட்டில் மிச்சம் நானும் ஃப்ரிட்ஜும்தான்.

தங்கை புதுவீடு வாங்கியிருந்தாள். அம்மாவுக்கென்று தனி அறையாம், ஜன்னலைத் திறந்தால் மரமாம். "கொஞ்ச நாள் என்கூட இருக்கட்டும்க்கா, நீயும் எவ்வளவு நாளைக்குத்தான் கஷ்டப்படுவ?" என்றாள். நான் கஷ்டப்படுகிறேன் என்று இவளிடம் யார் போய் அழுதது? கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்றும் சொல்லவில்லை. போகிற டிக்கெட் மட்டும் போட்டிருந்தாள். வருகிற டிக்கெட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம். எனக்குத் தெரியவேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், அம்மா திரும்பி வருவாளா மாட்டாளா. வாயைத் திறந்து கேட்டால் தீர்ந்தது. கேட்கமாட்டேன். நான் கேட்டு, அவள் ஒரு நொடி யோசித்துவிட்டாள் என்றால், அதற்கப்புறம் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளுக்குக் காபி ஆற்றிக் கொடுப்பது?

மலிவு டிக்கெட் என்பதால் கைப்பெட்டி மட்டும்தான். அதற்கான சட்டதிட்டங்களைத் தங்கை போனில் ஒப்பித்தாள். தண்ணீராக இருப்பது, எண்ணெயாக இருப்பது, பிதுக்கினால் வருவது எதுவானாலும் நூறு மில்லி பாட்டிலுக்கு மேல் கூடாது. பெரிய பாட்டிலில் கொஞ்சமாக வைத்திருக்கிறேன் என்று சொன்னாலும் செல்லாது, பாட்டிலின் அளவுதான் கணக்கு. எல்லாம் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற ஒரே ஒரு கண்ணாடிப் பைக்குள் அடங்க வேண்டும், அதன் ஜிப் முழுதாக மூட வேண்டும். அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். நான் மாத்திரை சாப்பிடச் சொன்னால் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை.

நான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். லென்ஸ் துடைக்கிற திரவம் எங்களுக்குப் பெரிய கேனில் வரும். அதைக் கண் படம் போட்ட சின்ன பாட்டில்களில் ஊற்றி, கண்ணாடி வாங்குகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுப்போம். நூறு மில்லியில் ஒன்று, அறுபது மில்லியில் ஒன்று என்று இரண்டு அளவு. காலி பாட்டில் கொஞ்சம் வேண்டும் என்று முதலாளியம்மாவிடம் கேட்டேன். எதற்கு என்றாள். சொன்னேன். "உன் தங்கச்சி கொடுத்துவெச்சவ" என்றாள். அப்போது நான் ஒரு வாத்தியாருக்குக் கண்ணாடிச் சட்டத்தின் காது வளையத்தைச் சூடாக்கி வளைத்துக்கொண்டிருந்தேன். அவர் மாட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கழற்றினால் காதும் கூடவே வந்துவிடும்போல் இருக்கிறதே என்றார். மறுபடி வளைத்துக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் படியேறும்போதே வாசனை மூக்கில் ஏறியது. அம்மா தலைக்கு எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் எங்களுக்குக் காய்ச்சுவாள். எங்கள் வீட்டுக்கு வந்தபிறகு ஒருநாள்கூட அந்தச் சட்டியை அடுப்பில் ஏற்றியதில்லை. இப்போது தங்கை ஊருக்குப் போகிறோம் என்றதும் முட்டி வலியெல்லாம் எங்கோ பறந்துவிட்டது, அடுப்படியில் நின்றுகொண்டு கிண்டுகிறாள். தங்கைக்குச் சுருட்டை முடி, அடர்த்தி. எனக்கு எலிவால். ஒரு தடவை சாடையாக எண்ணெய்ப் பேச்சை எடுத்தபோது, "உனக்கிருக்கிற நாலு இழைக்கு ஒரு சட்டி எண்ணெயா?" என்று சிரித்தாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள், நான்தான் இன்னும் மறக்கவில்லை. அந்த வாசனையில் எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

எண்ணெய் ஆறியதும் நூறு மில்லி பாட்டில்கள் இரண்டை எடுத்து மேசையில் வைத்தேன். அம்மாவுக்கு இப்போதெல்லாம் கை நடுங்குகிறது. "நீ ஊத்து, உன் கை ஆடாது" என்றாள்.

என் கை ஏன் ஆடாது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. சின்ன வயதில் எங்கள் வீட்டில் பால், பழச்சாறு எது வந்தாலும் இரண்டு டம்ளர், எனக்கொன்று அவளுக்கொன்று. நான் பெரியவள் என்பதால் ஊற்றுவது என் வேலை. எந்த டம்ளர் வேண்டும் என்று முதலில் எடுப்பது அவள் வேலை. "ஊத்தினவளுக்குக் கடைசி" என்பது அம்மாவின் சட்டம். ஒரு சொட்டு கூடினாலும் அது தங்கைக்குப் போய்விடும் என்பதால் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவேன். அவள் குனிந்து, நிமிர்ந்து, இரண்டையும் பார்த்து, வேண்டுமென்றே நேரம் கடத்தி ஒன்றை எடுப்பாள். மிச்சம் இருப்பது எனக்கு. அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் எதை ஊற்றினாலும் மட்டம் பிசகாது. கடையில்கூட பாட்டில் நிரப்ப என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

இரண்டு பாட்டிலும் கழுத்துவரை ஒரே மட்டமாக வந்தது. அம்மா இரண்டையும் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். ஒன்றைக் கண்ணாடிப் பைக்குள் வைத்தாள். மற்றதை மேசையில் வைத்து, "அது இருக்கட்டும்" என்றாள்.

இருக்கட்டும் என்றால், இன்னும் என்னென்ன வைக்கவேண்டும் என்று பார்த்துவிட்டு இடம் இருந்தால் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு பாட்டில் போதாதாம் மகாராணிக்கு, இரண்டு கேட்கிறது. அந்த எரிச்சலிலேயே அறுபது மில்லி பாட்டிலை எடுத்து முட்டி எண்ணெயை ஊற்றினேன்.

இந்த முட்டி எண்ணெயைப் பற்றிச் சொல்லவேண்டும். பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. பழுப்பு பாட்டிலில், பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, ஊர் உலகத்தில் எந்த மருந்துக்கடையிலும் விற்கிற சாதா எண்ணெய். நான் வேலை முடிந்து வந்ததும் அதை லேசாகச் சுடவைத்து, அம்மாவின் காலை என் மடியில் போட்டுக்கொண்டு, உள்ளங்கையின் அடிமேட்டால் முட்டியைச் சுற்றிச் சுற்றித் தேய்ப்பேன். மேலிருந்து கீழே மூன்று இழுப்பு, அப்புறம் மறுபடியும் சுற்று. தேய்க்கும்போதுதான் கடைக் கதையெல்லாம் அவளிடம் சொல்வேன். பவர் கூடிவிட்டதை ஒத்துக்கொள்ளாத கிழவர், கல்யாணத்துக்கு முன் கண்ணாடியைக் கழற்றி ஒளித்துவைக்கிற பெண், எல்லாரும் எங்கள் வீட்டு சோபாவுக்கு வந்து போவார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ம் கொட்டுவாள். அன்றைக்கு முழுக்க நாங்கள் பேசிக்கொள்வது அந்த நேரத்தில்தான். மற்ற நேரமெல்லாம் நான் கத்துவேன், அவள் முணுமுணுப்பாள்.

மூடியைத் திருகிக்கொண்டே, "தினமும் தேய்க்கணும், அங்க யாரு தேய்ப்பா?" என்றேன். சும்மா கேட்கிற மாதிரித்தான் கேட்டேன்.

"ஏன், குட்டி இல்லையா? சொல்லிக் குடுத்தா தேய்ச்சுட்டுப் போறா" என்றாள் அம்மா.

குட்டி என்பது என் தங்கை. தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது, இன்னும் குட்டி. அம்மா அதைச் சொல்லிவிட்டுப் பற்பசையை எடுத்துப் பைக்குள் வைத்தாள். எனக்கு அந்தச் சின்ன பாட்டிலை ஜன்னல் வழியாக வீசவேண்டும்போல் இருந்தது. எத்தனை வருடமாகத் தேய்க்கிற கை இது. அதைச் சொல்லிக் கொடுத்து இன்னொருத்திக்கு மாற்றிவிடலாமாம், ஒரு சமையல் குறிப்பு மாதிரி.

வீட்டுக்காரர் இதையெல்லாம் சாப்பாட்டுத் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா குளிக்கப் போனதும் பக்கத்தில் வந்து, தானும் ஒரு பாட்டில் தரட்டுமா என்றார். என்ன பாட்டில் என்றேன். வயிற்றெரிச்சலுக்கு அவர் குடிக்கிற மருந்து, நூறு மில்லிக்குள்தான் இருக்கிறது, ஆனால் அது அத்தைக்கு இல்லை, எனக்கு என்றார். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதென்றால் இந்த மனிதருக்கு அளவு கணக்கே கிடையாது. தட்டைப் பிடுங்கித் தொட்டியில் போட்டேன். அவர் இன்னும் சாப்பிட்டு முடித்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் எழுந்து வந்தால், இரண்டாவது எண்ணெய் பாட்டில் மேசைமேல் அப்படியே நிற்கிறது. அதன் மேல் அச்சடித்திருந்த கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா உள்ளே பேண்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மறந்தால் மறக்கட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு வீம்பு. அவளுக்குத்தானே காய்ச்சினாய், ஒரு சொட்டு விடாமல் கொண்டுபோய் அவள் தலையிலேயே கொட்டு, எனக்கு இங்கே ஒரு மிச்சமும் வேண்டாம் என்று அதை எடுத்துக் கண்ணாடிப் பைக்குள் திணித்தேன். பற்பசை ஒரு பக்கம் பிதுங்கியது. முகக் கிரீமைச் சாய்த்து, கண் சொட்டு மருந்தை இடுக்கில் சொருகி, முழங்கையால் அழுத்தி ஜிப்பை இழுத்தேன். மூடியது. ஒரு மூலை மட்டும் எந்த நேரமும் பிளந்துகொள்வேன் என்று மிரட்டியது. பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்து மூடிவிட்டேன்.

வீட்டுக்காரர் ஓட்டிய காரில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பாலம், விளம்பரப் பலகை, சிக்னலில் நின்ற நாய் என்று ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டு வந்தாள். ஸ்கூல் சுற்றுலா போகிற பிள்ளை தோற்றது. இறங்கி, பெட்டியைக் கையில் கொடுத்தபோது ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். ஃப்ரிட்ஜில் இருப்பதை நாளைக்குள் சாப்பிட்டுவிடச் சொன்னாள். மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். பிறகு பேண்ட் பாக்கெட்டின் ஜிப்பை ஒரு தடவை திறந்து, பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்து, மூடிக்கொண்டு, விந்தி விந்தி உள்ளே போனாள்.

வழியனுப்ப வருகிறவர்களை அங்கே ஒரு கண்ணாடிச் சுவர் வரைக்கும் விடுவார்கள். அந்தப் பக்கம் சோதனை நடப்பது முழுதாகத் தெரியும், சத்தம் மட்டும் கேட்காது. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அம்மா பெட்டியைத் திறந்து கண்ணாடிப் பையை வெளியே எடுத்தாள். அதை ஒரு தட்டில் வைத்தாள். தட்டு நகர்ந்து போனது. அவள் கதவுச் சட்டத்துக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய் நின்றாள். எல்லாருடைய தட்டும் வந்தது, அம்மாவுடையது வரவில்லை.

கையுறை போட்ட ஒரு பெண் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜிப் வாயைப் பிளந்து தொங்கியது. அவள் அதை அம்மாவிடம் காட்டி, தன் கையால் மூடப் பார்த்து, மூடாமல் போக, உள்ளே இருந்ததையெல்லாம் எவர்சில்வர் மேசையில் வரிசையாக எடுத்து வைத்தாள். பற்பசை, கிரீம், கண் மருந்து, அப்புறம் கண் படம் போட்ட மூன்று பாட்டில்கள், பெரியது இரண்டு, சின்னது ஒன்று. ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். ஏதாவது ஒன்றை எடுத்துவிட்டால் மீதியைக் கொண்டுபோகலாம் என்கிறாள் என்று எனக்கே புரிந்தது. பக்கத்திலேயே குப்பைத் தொட்டி இருந்தது.

அம்மா பெரிய பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்தாள். இன்னொன்றையும் எடுத்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பிக் கண்ணாடிச் சுவர் பக்கம் என்னைத் தேடினாள். நான் வீட்டுக்காரரின் முதுகுக்குப் பின்னால் ஒரு அடி நகர்ந்துகொண்டேன். ஏன் நகர்ந்தேன் என்று கேட்டால் தெரியாது. அவள் பெரிய பாட்டில்கள் இரண்டையும் பத்திரமாக மேசைமேல் வைத்தாள். அவள் கை கிரீமுக்குப் போகவில்லை. பற்பசைக்கும் போகவில்லை. நேரே சின்ன பாட்டிலுக்குப் போய் அதை எடுத்தது.

என் எண்ணெய். நான் ஊற்றியது, நான் சுடவைப்பது, நான் தேய்ப்பது. தங்கையின் தலைக்கு இரண்டு பாட்டில் போகவேண்டும், அதற்கு இடம் பண்ண என்னுடையது குப்பைக்குப் போகவேண்டும்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா நீங்களே?" என்றேன். "வாங்க போகலாம். இனிமே அவளுக்கு மக அவதான். நான் வெறும் வேலைக்காரி." திரும்பிக்கொண்டேன். என் கைப்பைக்குள் கார் டோக்கனைத் தேடுகிற சாக்கில் குனிந்தேன்.

"கொஞ்சம் திரும்பிப் பாரேன்" என்றார் அவர். குரலில் சிரிப்பு இருந்தது. திட்டலாம் என்று திரும்பினேன்.

அம்மா குப்பைத் தொட்டிக்குப் போகவில்லை. ஷூ மாட்டிக்கொள்வதற்காகப் போட்டிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தாள். பேண்ட்டின் காலைத் தொடை வரைக்கும் சுருட்டி விட்டிருந்தாள். தங்கை வாங்கிக் கொடுத்ததில் அந்த ஒரு வசதி இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். பாட்டிலைச் சாய்த்து முட்டியில் கொட்டினாள். உள்ளங்கையின் அடிமேட்டால் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். மேலிருந்து கீழே மூன்று இழுப்பு. மறுபடி சுற்று. அப்புறம் அடுத்த முட்டி. கையுறைப் பெண் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். அந்த நெடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கோட்டு போட்ட ஒருவர் தன் ஷூவைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனார். அம்மா யாரையும் கண்டுகொள்ளவில்லை. முட்டி முடிந்ததும் முழங்கை, முழங்கை முடிந்ததும் மணிக்கட்டு. பாட்டிலைத் தலைகீழாக உதறிக் கடைசிச் சொட்டையும் புறங்கையில் விட்டுக்கொண்டாள். காலி பாட்டிலை மூடி, கைப்பெட்டியில் போட்டுக்கொண்டாள். கையுறைப் பெண் மற்றதையெல்லாம் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். சுலபமாக மூடியது. அம்மா பேண்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமலேயே போய்விட்டாள்.

கார் நிறுத்துமிடத்தில் போன் அடித்தது. எடுத்ததும் எடுக்காததுமாக அம்மா ஆரம்பித்தாள். கண் படம் போட்ட பாட்டிலில் முட்டி எண்ணெயை ஊற்றித் தரலாமா, கண் மருந்தைப் போய் முட்டியில் தேய்க்கிறீர்களே என்று அந்தப் பெண் பதறிப்போய் டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாளாம். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"அது இருக்கட்டும்னு சொல்லித்தானே மேசைல வெச்சேன்? உன் பங்கை எதுக்குடி என் பையில அடைச்ச?"

"என் பங்கா?"

"பின்ன? ரெண்டா ஊத்தினா ஒண்ணு உனக்கு ஒண்ணு அவளுக்குன்னு புதுசா சொல்லணுமா? ஊத்தினது நீ. அவளுக்கு முதல்ல ஒண்ணை எடுத்து வெச்சேன். மிச்சம் யாருக்காம்?"

காரின் கூரைமேல் கையை ஊன்றிக்கொண்டேன். வெயிலில் தகடு சுட்டது. எனக்கும் சேர்த்துத்தான் காய்ச்சினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்டேன். வேண்டும் என்று நீ ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று அவள் திருப்பிக் கேட்டாள். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு அலைந்தால் எனக்கென்ன ஜோசியமா தெரியும் என்றாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். எங்களுக்கு வாய் இரண்டு பேருக்குமே வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

"அவளோடதை அவளுக்குக் குடுக்கணும். உன்னோடதைக் குப்பைல போட மனசு வரல. எனக்குன்னு இருந்தது முட்டி எண்ணெய்தான். வீணாக்க முடியுமா, மொத்தத்தையும் தேய்ச்சுட்டேன். இப்போ கால் ரெண்டும் எரியுது" என்றாள். பின்னால் ஏதோ அறிவிப்பு ஒலித்தது. "உன் பாட்டில் என்கிட்டயே இருக்கட்டும். வரும்போது கொண்டு வரேன்."

வரும்போது. நான் அத்தனை நாள் தொண்டையில் வைத்துக்கொண்டிருந்ததை அவள் பேச்சோடு பேச்சாகப் போகிறபோக்கில் சொல்லிவிட்டாள். அப்போதும் எனக்குப் போதவில்லை.

"எப்போ வருவ?" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். நான் பயந்த அதே யோசனை. "நல்லா ஊறத் தேய்ச்சிருக்கேன், கொஞ்ச நாள் தாங்கும்" என்றாள். "வலி ஆரம்பிச்சா வந்துடறேன். குட்டிக்கு ரெண்டு நிமிஷம் ஒரு இடத்துல உக்காரப் பொறுமை கிடையாது, அவளாவது தேய்க்கறதாவது. காலி பாட்டிலை வெச்சிருக்கேன். வந்து ரொப்பிக்கறேன்."

வீடு வந்து சேரும்வரை வீட்டுக்காரர் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். மருந்து குடிக்காமலேயே வயிற்றெரிச்சல் நின்றுவிட்டதா என்றார். ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள் என்றேன். அத்தைக்கு முட்டி சீக்கிரம் வலிக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறாயா என்றார். பெற்ற தாய்க்கு வலி வரவேண்டும் என்று எந்த மகளாவது வேண்டுவாளா? ரொம்பப் பெரிய வலியாக வேண்டாம் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் காய்ச்சிய எண்ணெயின் வாசனை இன்னும் போகாமல் இருந்தது. சட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததை விரலால் வழித்து உச்சியில் தேய்த்துக்கொண்டேன். என் நாலு இழைக்கு அது தாராளமாகப் போதும். அப்போது தங்கை கூப்பிட்டாள்.

விமானம் ஏறுவதற்கு முன் அம்மா அவளுக்கும் போன் பண்ணியிருக்கிறாள். முட்டி எண்ணெய் தீர்ந்துபோன கதையையும் சொல்லியிருக்கிறாள். தங்கை குரலில் உண்மையான அக்கறை இருந்தது, அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். என்னைவிட நல்லவள்தான் அவள், எப்போதுமே.

"அம்மாக்கு என்ன எண்ணெய்க்கா தேய்ப்ப? பேரைச் சொல்லு, அவங்க வர்றதுக்குள்ள போய் வாங்கி வெச்சுடறேன். எப்படித் தேய்க்கணும்னும் சொல்லிடு, நானே தினமும் தேய்ச்சுவிடறேன்."

பெரிய பழுப்பு பாட்டில் எனக்கு நேரே அலமாரியில் நின்றுகொண்டிருந்தது. கண்ணாடி போடாதவர்களுக்கும் தெரிகிற மாதிரி பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

"பேரெல்லாம் ஒண்ணும் கிடையாதுடி, சும்மா ஒரு எண்ணெய்" என்றேன். "அது இங்க மட்டும்தான் கிடைக்கும்."